பிஸ்கற்றுக்குக் கொள்ளு

நான் குதிரைச் சாணி அள்ளுறன் எண்டு சிட்னியில நோர்த்மீட் முழுக்கக் கதை. கோயிலிலயும் கதை, பிறந்தநாள் வீடுகளிலயும் கதை. கதைக்கட்டும். அள்ளுறது உண்மைதானே, ஏன் மறைப்பான்? கோயிலில பழக்கமான நாகேஸ்வரியக்கா போன் எடுத்து, "சம்பளமும் இல்லையாமெல்லோ சிவகௌரி, இருக்க இடமும் சாப்பாடும் மட்டும்தானாமெல்லோ" எண்டு இழுத்து இழுத்துக் கவலைப்பட்டா. எனக்கு உச்சியில ஏறிச்சுது. நோர்த்மீட்டில எனக்கு ஆர் சம்பளம் தந்தது எண்டு கேட்டன். அவ அடுப்பில கறி கிடக்கெண்டு சொல்லி போனை வைச்சிட்டா.

நான் சிறிதரனுக்கு அக்கா. வயசு ஐம்பத்திநாலு. கலியாணம் சரிவரேல்ல, ஏன் எண்டு கேக்காதேங்கோ, அது வேற கதை. சிறிதரனும் பெண்சாதி யோகாவும் பிள்ளை பிறக்கப் போகுதெண்டு என்னை ஒஸ்ரேலியாவுக்குக் கூப்பிட்டவை. அந்தப் பிள்ளை வினுஷா இப்ப யூனிவேர்சிற்றிக்குப் போறாள். பத்தொன்பது வருசம். அவள் பால் குடிச்ச போத்தில் கழுவினதில இருந்து அவளின்ர யூனிச் சாப்பாடு கட்டினது மட்டும் நான்தான். விடியப் பிட்டோ இடியப்பமோ, பிறகு மத்தியானச் சாப்பாடு, உடுப்புத் தோய்ச்சல், அயன், பின்னேரம் தேத்தண்ணி, இரவுக்கு இன்னொரு சமையல். யோகா ஆஸ்பத்திரி லாப்பில வேலை, சிறி ரெயில்வேயில இஞ்சினியர். அவையள் களைச்சு வருவினம். நான் களைக்கிறேல்ல, ஏனெண்டா நான் வீட்டில சும்மா இருக்கிறவள்.

பொய் சொல்லக் கூடாது. ஒருத்தரும் என்னை அடிக்கேல்ல, பசியோட விடேல்ல. எனக்கெண்டு ஒரு அறையும் இருந்தது. விருந்தாளியள் வந்தா மட்டும் அதை விட்டுக் குடுத்திட்டு வினுஷாவின்ர அறையில பாய் போட்டுப் படுப்பன். விருந்தாளியள் அடிக்கடி வருவினம்.

இந்த வருசம் யோகாவின்ர தங்கச்சி கிரிஜாவுக்குப் பிள்ளை பிறக்கப் போகுதெண்டு கதை வந்தது. அவள் இருக்கிறது மெல்பேர்னில, கிளென் வேவர்லியில. நான் குசினியில அப்பளம் பொரிச்சுக்கொண்டு நிக்கிறன், மேசையில இருந்து சிறியும் யோகாவும் கதைக்கிறது கேக்குது. மச்சாள், அது நான்தான், ஒரு வருசம் அங்க போய் நிக்கட்டும், இஞ்ச வினுஷா வளந்திட்டாள் தானே எண்டு யோகா சொல்லுறா. ஓம் ஓம் எண்டு சிறி சொல்லுறான். அப்பளத்தைக் கொண்டுபோய் மேசையில வைக்கேக்க, "அக்கா, சனிக்கிழமை உங்களுக்கு மெல்பேர்ன் பிளைற்" எண்டான். ரிக்கற் போட்டாச்சாம். பக்கத்து வீட்டுக்கு இடியப்ப உரல் குடுத்து விடுற மாதிரி என்னைக் குடுத்து விடுகினம். உரலைக்கூட, எப்ப திருப்பித் தருவீங்கள் எண்டு கேட்டுத்தான் குடுப்பினம்.

என்னை ஒரு சொல்லுக் கேட்டவையோ? கேக்கேல்ல. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாச்சிச் சட்டியைத் தூக்கி எறிஞ்சிருப்பன். எறியேல்ல. வினுஷாவின்ர அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினன்.

அவளின்ர சிநேகிதி ஒருத்தி லீவுக்கு ஒரு பண்ணையில போய் நிண்டவள். காலமை வேலை செய்தா அவையள் இருக்க இடமும் சாப்பாடும் தருவினம், அதுக்கெண்டு ஒரு வெப்சைட் இருக்கு எண்டு வினுஷா முந்தி ஒருநாள் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அதில என்ர பேரையும் போட்டு விடு எண்டன். வினுஷா முதல் சிரிச்சாள். பிறகு என்ர முகத்தைப் பாத்திட்டுச் சிரிப்பை நிப்பாட்டினாள். "மாமி, ஆர் யூ சீரியஸ்?" எண்டாள். சீரியஸ்தான் எண்டன். ஆடு, மாடு, திராட்சைத் தோட்டம் எண்டு கன இடம் இருந்தது. சிட்னியை விட்டு ரெயினில போகக்கூடிய தூரத்தில உடன வரச் சொன்னது ஒரு குதிரைப் பண்ணை மட்டும்தான். ஹெலன் எண்ட வெள்ளைக்காரப் பொம்பிளை போனில கேட்டது ஒரே கேள்வி, குதிரைக்குப் பயமோ எண்டு. பயம்தான், ஆனா வருவன் எண்டன்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் வேலைக்குப் போனாப் பிறகு குசினியைக் கூட்டித் துடைச்சன். சமைக்கேல்ல. சட்டி பானையைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டு, உடுப்பு வைச்ச ஒரு பாக்கைத் தூக்கிக்கொண்டு ரெயினேறி ரிச்மண்டுக்குப் போனன். அங்கதான் தண்டவாளம் முடியுது. ரெயினுக்குள்ள இருந்து சிறிக்குப் போன் எடுத்துச் சொன்னன். அவன் விசர் பிடிச்சிட்டுதோ எண்டான், சனம் என்ன கதைக்கும் எண்டான், கிரிஜாவுக்கு என்ன பதில் சொல்லுறது எண்டான். உன்ர மச்சினிச்சிக்கு நீதான் பதில் சொல்ல வேணும் எண்டு போட்டுப் போனை நிப்பாட்டினன்.

ஹெலனுக்கு எழுபது வயசிருக்கும். மெலிஞ்ச, கதை குறைஞ்ச மனிசி. ஓடி முடிச்ச பந்தயக் குதிரையள், ஆரும் வேண்டாமெண்டு விட்ட கிழட்டுக் குதிரையள், இதுகளைத்தான் வைச்சிருக்கிறா. எனக்குச் சேணம் வைக்கிற கொட்டிலுக்குப் பக்கத்தில ஒரு சின்ன அறை தந்தா. ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு சன்னல். விருந்தாளியள் வந்தா இந்த அறையை விட வேணுமோ எண்டு கேட்டன். அவவுக்கு என்ர கேள்வி விளங்கேல்ல. இது உன்ர அறை எண்டா.

விடிய எழும்பி சாணி அள்ளி, தண்ணித் தொட்டி கழுவி, வைக்கோல் போட மத்தியானம் ஆயிடும். அதோட சரி. முதல் நாள் நான் பழக்கதோசத்தில ஹெலனின்ர குசினிக்குள்ள போய்க் கோப்பையளைக் கழுவத் துடங்கினன். அவ வந்து பைப்பைப் பூட்டினா. உன்ர வேலை முடிஞ்சுது, இனி உன்ர நேரம் எண்டா. நான் என்ர அறைக்கு வந்து கட்டிலில இருந்தன். எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில இல்லை, கோபத்தில. வேலை முடிஞ்சுது எண்ட அந்தச் சின்னச் சொல்லை இவ்வளவு வருசத்தில ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே எண்ட கோபம்.

மெல்ல மெல்லக் குதிரைப் பயமும் போச்சு. பெரிசுகள் தங்கட பாட்டில நிக்கும். எனக்குப் பிடிச்சது பிஸ்கற் எண்ட குட்டிக் குதிரைதான். என்ர நெஞ்சளவு உயரம், உருண்டை வயிறு, கண்ணை மறைக்கிற தலைமயிர். மற்றக் குதிரையள் புல்லு மேய, இவனை மட்டும் ஹெலன் புல்லில்லாத வெறுந்தரையில அடைச்சு வைச்சிருந்தா. வெளிய விட்டாலும் வாய்க்கூடை கட்டித்தான் விடுவா. வைக்கோலைக்கூடத் தண்ணியில ஊறப்போட்டு, சாரமெல்லாம் போனாப் பிறகு ஒரு பிடி போடுவா. அவன் அதைத் திண்டு முடிச்சிட்டு வேலிக்கு மேலால என்னையே பாத்துக்கொண்டு நிப்பான். வெள்ளைக்காரர் நாயைக் கட்டிலில படுக்க வைக்கினம், இந்தச் சீவனைப் பட்டினி போடுகினமே எண்டு எனக்கு வயிறு எரிஞ்சுது.

முதல் நாளே ஹெலன் சொன்னவதான், என்னைக் கேக்காமல் எந்தக் குதிரையின்ர வாய்க்குள்ளயும் ஒண்டும் வைக்கக் கூடாதெண்டு. நானும் தலையாட்டினனான். ஆனா அந்தக் கதை எங்கட ஆக்களின்ர காதில ஏறுமோ? சாப்பிட வந்தவர் போதும் போதுமெண்டு கையால மறிச்சாலும், விரலுக்கு இடையால இன்னொரு அகப்பை சோறு போடுற சனம் நாங்கள்.

லீவு நாளில பரமட்டாவுக்கு ரெயினேறி, அங்கயிருந்து நடந்து ஹரிஸ் பார்க்குக்குப் போனன். அங்க இந்தியக் கடையில கொள்ளு வாங்கினன். குதிரைக்குக் கொள்ளு எண்டு ஆருக்குத் தெரியாது? குதிரையைக் கிட்டப் பாத்திராத எங்கட சனத்துக்கும் அது தெரியும். பக்கத்திலயே நல்ல கறுத்தச் சர்க்கரை கிடந்தது, அதிலயும் இரண்டு கட்டி வாங்கினன். கொள்ளை ஊறப்போட்டு, மெத்தெண்டு அவிச்சு, சர்க்கரையை உடைச்சுப் போட்டுக் குழைச்சுக் கொண்டுபோனன். பிஸ்கற் மணத்திலேயே கனைக்கத் துடங்கிட்டான். வாளியை நக்கி, என்ர கையை நக்கி, சட்டையின்ர பொத்தானையும் நக்கினான். என்ர சமையலை இப்பிடி ரசிச்சுச் சாப்பிட்ட ஆள் வேறையில்லை. வாங்கினது முடியுமட்டும் பின்னேரத்தில பின்னேரத்தில குடுத்தன்.

ஒருநாள் விடிய வந்து பாக்கிறன், பிஸ்கற் முன்னங்கால் இரண்டையும் நீட்டிப் பின்னுக்குச் சாய்ஞ்சு நிக்கிறான். கூப்பிட்டா வரேல்ல. ஒரு அடி வைக்கச் சொன்னா நடுங்குறான். ஹெலன் ஓடி வந்து குளம்பைத் தொட்டுப் பாத்திட்டு, முகம் வெளிறி மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தா.

வைத்தியர் ஒரு இளம் பெட்டை. என்ன திண்டவன் எண்டு கேட்டாள். ஹெலன் வைக்கோல் மட்டும்தான் எண்டா. நான் முன்னுக்குப் போய், இல்லை, நான் கொள்ளும் சர்க்கரையும் குடுத்தனான் எண்டன். அந்தப் பெட்டை எனக்குப் பொறுமையா விளங்கப்படுத்தினாள். மனிசருக்கு வாற சீனி வருத்தம் மாதிரி ஒண்டு இவனுக்கு இருக்காம். இனிப்பும் மாவும் கூடினா குளம்புக்குள்ள வீங்குமாம். எலும்பு கீழ இறங்கிட்டுதெண்டா ஊசி போட்டுக் கொல்லுறது தவிர வேற வழியில்லையாம். இரண்டு மூண்டு நாளில தெரியுமாம், அதுமட்டும் காலை ஐசுக்குள்ள வைக்க வேணுமாம்.

சீனி வருத்தம். அப்பாவுக்கு இருந்தது, சிறிக்கு இருக்கு. அவனுக்கு ஒரு பிடி சோறு கூடாமல் அளந்து போட்டு, குரக்கன் பிட்டு அவிச்சுக் குடுத்து, சர்க்கரையைக் கண்ணில காட்டாமல் ஒளிச்சு வைச்சவள் நான். அப்பிடிப்பட்ட நான் போய் ஒரு வாயில்லாச் சீவனுக்கு வாளி வாளியாச் சர்க்கரை குடுத்திருக்கிறன்.

ஹெலன் என்னை ஏசேல்ல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். "நீ என்னைக் கேக்கேல்லை" எண்டு மட்டும் சொன்னா. அது எனக்கு நல்லாச் சுட்டது. என்னைக் கேக்கேல்ல, என்னைக் கேக்கேல்ல எண்டு வீட்டை விட்டு வெளிக்கிட்டவள் நான். தீன் அறைப் பூட்டின்ர திறப்பை என்னட்ட இருந்து வாங்கினா. நீ இங்க நிக்கிறதோ போறதோ எண்டு ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன் எண்டா.

ஞாயிறு மட்டும் எனக்கிருந்த பயத்தைச் சொல்லி முடியாது. இங்க வேண்டாமெண்டா எனக்குப் போக்கிடம் நோர்த்மீட் தான். நோர்த்மீட் எண்டா அடுத்த நாள் கிளென் வேவர்லி. பிறகு நான் செத்தாலும் ஒருத்தரும் என்னை ஒரு சொல்லுக் கேக்க மாட்டினம், உங்கட இஷ்டத்துக்கு விட்டுப் பாத்தம் தானே, குதிரையைக் கொல்லப் பாத்தனீங்கள் எண்டு சொல்லுவினம்.

ஆனா பிழை விட்டது நான், அதை விட்டிட்டு ஓடுறதுக்கு நான் வரேல்ல. ஐசு வேலையை நான் செய்யிறன் எண்டு ஹெலனிட்டக் கேட்டன். இந்த முறை கேட்டுத்தான் செய்தன். அவ பேசாமல் றப்பர்ப் பைகளைத் தந்தா. அதுக்குள்ள பிஸ்கற்றின்ர காலை வைச்சு ஐசை நிரப்ப வேணும், உருக உருக மாத்த வேணும். குனிஞ்சு குனிஞ்சு முதுகு விட்டுப் போச்சு, விரல் மரத்துப் போச்சு. அவன் என்னடாவெண்டா என்ர சட்டைப் பையை மூக்கால துழாவுறான். இன்னும் சர்க்கரை தேடுறான், மானங்கெட்டவன். என்னை மன்னிச்சுக்கொள்ளடா எண்டு அவனுக்குத் தமிழில சொன்னன்.

இந்தக் கதையை மனப்பாரம் தாங்காமல் வினுஷாவுக்குப் போனில சொன்னனான். அவள் தகப்பனுக்குச் சொல்லிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலமை சிறியின்ர கார் படலைக்குள்ள வந்து நிண்டது. அவனும் யோகாவும் இறங்கிச்சினம். நான் பிஸ்கற்றின்ர காலடியில குந்தியிருந்து ஐசு போட்டுக்கொண்டிருக்கிறன், கை முகமெல்லாம் சேறு. சிறி என்னைப் பாத்து முதல் கேட்டது, "அக்கா, உங்கட பாக் எங்க?" எண்டுதான்.

நான் அடுத்த பிடி ஐசைப் போட்டன். அவன் நேர ஹெலனிட்டப் போய் இங்கிலீசில கதைக்கத் துடங்கினான். நடந்ததுக்கு மன்னிக்க வேணுமாம், தாங்கள் இப்பவே கூட்டிக்கொண்டு போயிடுகினமாம். அதோட நிண்டிருக்கலாம். நிக்கேல்ல. கையைக் கட்டிக்கொண்டு, பெரிய மனிசன் மாதிரிச் சிரிச்சுக்கொண்டு, என்ர அக்கா வாழ்க்கையில ஒருநாளும் வேலை செய்ததில்லை, வீட்டிலேயே இருந்தவ, அவவுக்கு ஒண்டும் தெரியாது எண்டான்.

நான் எழும்பினன். முழங்கால் விறைச்சுப் போய் மெல்லத்தான் எழும்ப முடிஞ்சுது. சத்தம் போடேல்ல. தமிழில கேட்டன்.

"நான் ஒருநாளும் வேலை செய்யேல்லையெண்டா, இப்ப என்னத்துக்கடா என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீ?"

சிறி யோகாவைப் பாத்தான். யோகா நிலத்தைப் பாத்துக்கொண்டு, மச்சாள், கிரிஜாவுக்கு வேற ஒருத்தரும் இல்லை எண்டா. பாவம், அவவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கிரிஜா ஒரு ஆளைத் தேடட்டும், சம்பளம் குடுக்கட்டும், அந்த ஆளுக்கும் லீவு விடட்டும் எண்டன்.

பிறகு ஹெலன் பக்கம் திரும்பினன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன். நீ போகச் சொன்னா நான் போறன், ஆனா இவையளோட இல்லை. வேற பண்ணை இருக்கு, கேட்டுப் பாப்பன். அதுவும் பிஸ்கற்றின்ர கால் என்னெண்டு தெரிஞ்சாப் பிறகுதான் போவன், பிழை என்ரதானே.

ஹெலனுக்குத் தமிழ் விளங்கியிராது. ஆனா சிறியின்ர முகத்தைப் பாத்தா எவருக்கும் விளங்கும். அவ என்னைப் பாத்து, உண்மையைச் சொல்லுறன், உன்னை அனுப்பத்தான் நினைச்சிருந்தனான் எண்டா. காலமை வைத்தியர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்தவளாம், எலும்பு இன்னும் இறங்கேல்லையாம், ஐசு போட்டதாலதானாம். இனி மாதக்கணக்காப் பாக்க வேணுமாம், அதுக்கு ஆள் வேணுமாம். நிக்கிறதெண்டா நில்லு, ஆனா தீன் அறைத் திறப்புத் தர மாட்டன் எண்டா. எனக்குத் திறப்பு வேண்டாம் எண்டன்.

சிறிக்கு அது பொறுக்கேல்ல. "அக்கா, நான் உங்களை வேலைக்கெண்டு கூப்பிட வரேல்ல. நீங்கள் என்ர அக்கா எண்டபடியாத்தான் வந்தனான்" எண்டான். அவன் நடிக்கேல்ல, அப்பிடித்தான் நம்புறான். அதுதான் எனக்கு இன்னும் கூட வலிச்சுது.

"அக்காவைப் பாக்க வந்தவன் இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். வேலைக்காரியைக் கூட்டிக்கொண்டு போக வந்தவனுக்கு இங்க ஆளில்லை" எண்டன்.

அவன் விறுவிறெண்டு போய்க் காருக்குள்ள ஏறிக் கதவை அடிச்சுச் சாத்தினான். யோகா போகேல்ல. காரையும் பாத்தா, என்னையும் பாத்தா. பிறகு செருப்பில சேறு ஒட்ட ஒட்ட எனக்குப் பின்னால என்ர அறைக்கு வந்தா. நான் கட்டிலில இருந்தன். என்ர விரல் மரத்துப் போய்க் கிடந்தபடியா கேத்திலைப் பிடிக்க ஏலேல்ல. விடுங்கோ மச்சாள் எண்டு யோகா வாங்கித் தண்ணியைக் கொதிக்க வைச்சா. இரண்டு கோப்பையை எடுத்து வைச்சு, தேயிலைச் சாயம் ஊத்திப் பாலும் விட்டிட்டு, கரண்டியைக் கையில வைச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டா. பத்தொன்பது வருசம் ஒரே வீட்டில இருந்தனாங்கள், ஒரு நாளைக்கு மூண்டு தரம் அவவுக்குத் தேத்தண்ணி ஊத்தினனான், எத்தினை கரண்டி எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை, எனக்குத் தெரியும்.

"நீங்கள் சீனி போடுறனீங்களோ, மச்சாள்?" எண்டு கேட்டா. கேக்கேக்க அவவின்ர கண் கலங்கினது.

"இரண்டு கரண்டி. நல்லாக் குவிச்சுப் போடு" எண்டன்.